கிழக்குச் சன்னலில் ஆறு மாத டின் கேமரா: எதிர் புளோக் இடிபடுவதைச் சூரியக் கோட்டில் பதிய முடியுமா?

#1 கிழக்குச்சன்னல்

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் எதிர் புளோக் செர்ஸ் திட்டத்தில் (பழைய அரசு அடுக்குமாடி வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம்) காலியாகிவிட்டது. சுற்றிலும் தகரத் தடுப்பு வைத்தாயிற்று. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவே இடிக்கப் போகிறார்கள். 12 மாடிக் கட்டடம். எங்கள் சமையலறைச் சன்னலுக்கு நேர் கிழக்கே, ஏறக்குறைய 40 மீட்டர் தள்ளி நிற்கிறது. எங்கள் வீடு ஐந்தாவது மாடி.

பீர் டின்னில் ஊசித்துளை போட்டு, உள்ளே கறுப்பு வெள்ளை ஃபோட்டோத் தாளை வைத்து, மாதக்கணக்கில் திறந்தே விடும் சோலார்கிராஃப் முறையில் பதிய எண்ணம். தினம் ஒரு படம் எடுத்து வீடியோவாக ஓட்டுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. கட்டடம் இருந்ததும் இல்லாமல் போனதும் ஒரே தாளில் கிடக்க வேண்டும். படித்த செய்முறைகள் எல்லாம் ஐரோப்பாவில் எழுதப்பட்டவை. சூரியப் பாதை வில் வளைவாக விழும் என்கின்றன. இங்கே எப்படி விழும்? எந்தத் தேதியில் தொடங்கலாம்? நம்மூர் ஈரத்தைத் தாள் தாங்குமா?

#2 வெயில்கோடு

அந்த வில் வளைவை முதலில் மறந்துவிடுங்கள். அது 50 டிகிரி அட்சரேகையில் தெற்கு நோக்கி வைத்த டின்னின் படம். சிங்கப்பூர் 1.3 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கே சூரியன் அடிவானத்திலிருந்து சாய்ந்து போகாது, ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். கிழக்கு நோக்கி வைத்தால் நடுவில் ஒரு நேர்கோடு, அதன் இருபுறமும் மேலே போகப்போக வெளிப்பக்கம் லேசாக வளையும் கோடுகள். மார்ச் 20ஐ ஒட்டிய நாட்கள் நடுக்கோடு. டிசம்பர் 21 வலப்பக்க எல்லை, ஜூன் 21 இடப்பக்க எல்லை. இரண்டுக்கும் இடையே 47 டிகிரி.

66 மி.மீ. விட்டமுள்ள டின்னில் தாளின் நடுப்பகுதியில் ஒரு டிகிரிக்கு 1.15 மி.மீ. கிடைக்கும். ஆக, அடிவானத்தில் மொத்த விரிவு 54 மி.மீ. ஏப்ரல் நடுவில் சூரியன் மையத்திலிருந்து 11 மி.மீ. இடப்பக்கம் ஏறும், ஜூன் கடைசியில் 27 மி.மீ. உங்கள் இடிப்பு நடக்கும் மாதங்கள் முழுக்க படத்தின் இடப்பாதியில் விழும். மையத்தை நேர் கிழக்கில் வைக்காமல் கொஞ்சம் வடக்கே திருப்பலாம், ஆனால் தேவைப்படாது. தாள் 155 டிகிரி அகலம் பார்க்கும்.

திசைகாட்டியைச் சன்னல் கம்பிக்கு அருகில் வைத்துப் பார்க்காதீர்கள், இரும்பு அதை இழுத்துவிடும். கீழே திறந்த வெளியில் புளோக்கின் சுவரை ஒட்டிய திசையை அளந்துகொண்டு மேலே வாருங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள விலகல் இங்கே அரை டிகிரிக்கும் குறைவு, கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி உங்கள் யோசனையின் உயிர்நாடிக்கு வருகிறேன். ஒரு மாடி 2.8 மீட்டர் என்று வைத்தால் எதிர் புளோக்கின் கூரை உங்கள் கண்மட்டத்துக்கு மேல் 20 மீட்டர் சொச்சம். 40 மீட்டர் தூரத்தில் அது 27 டிகிரி உயரம். கட்டடம் நிற்கும்வரை காலை 8.50க்குப் பிறகுதான் சூரியன் கூரைக்கு மேலே தலைகாட்டும். எனவே ஒவ்வொரு நாளின் கோடும் கூரை விளிம்பிலிருந்துதான் புறப்படும். கட்டடம் போன பிறகு வரும் கோடுகள் அடிவானத்திலிருந்தே புறப்படும். தாளில் இந்த வித்தியாசம் 33 மி.மீ.! கோடுகளின் அடிப்பகுதி எங்கே கீழே இறங்குகிறதோ அதுதான் இடித்த தேதி. இயந்திரங்கள் மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு தளமாகக் கடித்துக்கொண்டு இறங்கினால், கோடுகளின் அடி படிப்படியாக இறங்கும். படத்துக்குத் தேதி எழுத வேண்டியதில்லை, சூரியனே எழுதிவிடும்.

#3 தகரடப்பா

செய்முறை சொல்றேன். டின் விஷயத்துலதான் பாதிப் பேர் சறுக்குறாங்க.

500 மி.லி. பீர் டின் வாங்குங்க. விட்டம் 66 மி.மீ., உயரம் 168. ஒல்லியான டின் வேண்டாம், அது 57, 58 மி.மீ.தான், வெயில்கோடு சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. 5×7 அங்குலத் தாள், அதாவது 127×178 மி.மீ., வெட்டாமலே உள்ளே உட்காரும். 178 பக்கம் சுற்றி வரணும். டின்னோட சுற்றளவு 207, மீதி 29 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளியோட நடுவுல ஊசித்துளை வரணும். தாள் துளையை மூடிட்டா ஆறு மாசமும் வீண்.

துளையை டின்னோட நடு உயரத்துல போடாதீங்க. இங்கே நமக்கு வானம் நிறைய வேணும், தரை கொஞ்சம் போதும். பிம்பம் தலைகீழா விழறதால வானம் தாளோட கீழ்ப்பக்கம் போகும். அதனால துளை மேலே இருக்கணும்: தாளோட மேல் விளிம்புக்கு 27 மி.மீ. கீழே. அப்போ வானம் 57 டிகிரி வரைக்கும், தரை 22 டிகிரி வரைக்கும் கிடைக்கும். நடுவுல போட்டா வானம் 44 டிகிரியோட நின்னுடும். வானம் அதிகமா வேணும்னு துளையைக் கீழே இறக்கிடுறவங்க நிறைய. கிடைக்கிறது முழுக்க கார் நிறுத்துமிடம்தான்.

துளை அளவு 0.35 மி.மீ. இந்தக் குவிதூரத்துக்கு அதுதான் கூர்மையான அளவு. சின்னதா போட்டா ஒளி துளை விளிம்புல வளைஞ்சு விரியும், பெருசா போட்டா மங்கல். டின் சுவரே 0.1 மி.மீ. தடிமன்தான், தனித் தகடு வேண்டாம். உள்ளே மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, மெல்லிய தையல் ஊசியோட நுனியை மட்டும் சுழற்றி இறக்குங்க. உள்பக்கம் கிளம்புற பிசிறை 600 நம்பர் உப்புத்தாளால தேயுங்க. நேரா டின்னுல போடறதுக்கு முன்னாடி, அளவு பார்க்க ஒரு துண்டுத் தகட்டுல போட்டுப் பழகுங்க. அதை 1200 டிபிஐயில ஸ்கேன் பண்ணினா 0.35 மி.மீ.ன்னா 16, 17 புள்ளி அகலம் வரும். 25 புள்ளி வந்தா கை அழுத்தம் அதிகம்.

மேல்மூடியைப் பக்கவாட்டுல வெட்டுற டின் ஓப்பனரால எடுங்க. இன்னொரு டின்னோட அடிப்பகுதியை 30 மி.மீ. உயரத்துக்கு வெட்டி, விளிம்புல ஏழெட்டு இடத்துல கீறி, தொப்பியா மாட்டுங்க. டின்னோட உள் அடிக்கும் தொப்பிக்கும் மேட் கறுப்பு ஸ்பிரே கட்டாயம். காலை 11 மணிக்கு மேல சூரியன் 57 டிகிரியைத் தாண்டிடும், ஆனா துளை வழியா அடித்தட்டுல விழுந்துக்கிட்டே இருக்கும். அடித்தட்டு பளபளன்னு இருந்தா அது தாள்ல தெறிச்சு, கீழ்ப்பக்கம் முழுக்க ஒரு மங்கல் படலம் ஏறும். ஸ்பிரே அடிச்சு இரண்டு நாள் நல்லாக் காய விடுங்க.

ஒட்டறதுக்கு கறுப்பு பிவிசி டேப் வேண்டாம், வெயில்ல பசை உருகி வழுக்கும். ஏர்கான் குழாய்க்குச் சுத்துற அலுமினிய டேப் நிக்கும்.

தாள்: ரெசின் பூசின கறுப்பு வெள்ளைத் தாள் எதுவானாலும் சரி. காலாவதியானது கூட ஓடும், ஏன்னா நாம டெவலப்பே பண்ணப் போறதில்லை. வெளிச்சமே வெள்ளியைக் கறுக்க வைக்குது. பெனின்சுலா பிளாசா பக்கம் ஃபிலிம் விக்கிற கடைகள்ல கேட்டுப் பாருங்க. பளபளப்பான முகம் துளையைப் பார்க்கணும்.

#4 புதுவரவு

ஒரு சந்தேகம். ஆறு மாதத்தில் 180 கோடுகள். தனித்தனியாகத் தெரியுமா?

#5 வெயில்கோடு

தெரியாது. இதைப் புரிந்துகொண்டால்தான் படத்தைத் திட்டமிட முடியும். சூரியத் தட்டின் அகலம் அரை டிகிரிக்குச் சற்று மேல், 0.53. சூரியன் தெற்கு வடக்காக மிக வேகமாக நகரும் மார்ச் மாதத்திலேயே ஒரு நாளைக்கு 0.4 டிகிரிதான் நகர்கிறது. இன்றைய கோட்டின் மேல் நாளைய கோடு ஏறித்தான் தீரும். எவ்வளவு பெரிய டின் எடுத்தாலும் இது மாறாது. ஜூன், டிசம்பர் கடைசியில் நகர்வே கிட்டத்தட்ட நின்றுபோகும். வாரக்கணக்கான கோடுகள் ஒரே பட்டையாக ஒட்டிக்கொள்ளும்.

அப்படியானால் படங்களில் தெரியும் கோடுகள் எவை? மேகங்கள். ஒரு நாள் முழுக்க மூடினால் அங்கே இருண்ட இடைவெளி. அரைமணி மூடினால் கோட்டில் ஒரு வெட்டு. சிங்கப்பூரில் இந்தப் படம் ஒரு பருவமழைப் பதிவேடு. டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் வடகிழக்குப் பருவமழை நாட்கணக்கில் அடைத்துக்கொள்ளும்போது அகலமான கறுப்புப் பட்டை விழும். பிப்ரவரி மழை குறைந்த மாதம், கோடுகள் நெருக்கமாக அடர்ந்து நிற்கும். ஏப்ரல், மே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் கிழக்கு டின்னைத் தொடாது, மேற்கு பார்த்த டின்னின் கோடுகளைத்தான் துண்டாக்கும். ஜூனிலிருந்து விடியற்காலையில் சுமத்ராப் புயற்காற்று வரும் நாட்களில் கிழக்குக் கோடுகளின் அடி துண்டுபடும்.

கவனியுங்கள், இது உங்கள் திட்டத்துக்கு ஒரு சிக்கல். கோட்டின் அடி மறைந்தால் அது கட்டடமா, புயற்காற்று மேகமா? கட்டடம் என்றால் பக்கத்துப் பக்கத்து நாட்களில் எல்லாம் ஒரே உயரத்தில், கத்தரித்த மாதிரி நிற்கும். மேகம் என்றால் உயரம் தாறுமாறாக இருக்கும்.

#6 மாசிவெயில்

கோடுகள் தனித்தனியாக நிற்க வேண்டும் என்றால், தினமும் திறக்காமல் இருந்தால் போயிற்று. தமிழ் மாதப் பிறப்பன்று மட்டும் காலையில் திறந்தால் என்ன? தை முதல் ஆனி வரை ஆறு கோடுகள். சூரியன் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன்:

தை 1, தெற்கே 21.3 டிகிரி. மாசி, தெற்கே 13.4. பங்குனி, தெற்கே 2.4. சித்திரை, வடக்கே 9.4. வைகாசி 18.7. ஆனி 23.3.

தாளில் முதல் நான்கு இடைவெளிகள் ஏறக்குறைய 9, 13, 14, 11 மி.மீ.; கடைசி மட்டும் 5. ஒரு கோட்டின் அகலம் ஒரு மி.மீ. அளவுதான். ஆறும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். டிசம்பர் 21க்குப் பதில் பொங்கலன்று தொடங்குவதால் இழப்பு 2 டிகிரிதான், தாளில் 2.5 மி.மீ. கூட இல்லை. மழைக்கால மூட்டமும் அதற்குள் பெரும்பாலும் கலைந்திருக்கும். அன்றைக்கு மூடலாக இருந்தால் அடுத்துத் தெளிவாக விடியும் நாளில் திறந்துகொள்ளலாம்.

ஆறு காலை வெளிச்சம் மட்டும் கட்டடங்களுக்குப் போதாது, நிழலுருவாகத்தான் வரும். அதற்கு வழி, தினமும் நண்பகலுக்குப் பிறகு திறந்து, மறுநாள் விடியுமுன் மூடுவது. கிழக்கு நோக்கிய டின்னின் படப்பரப்பில் அந்நேரம் சூரியன் இருக்காது. மேற்கு வெயில் எதிர் புளோக்கின் நம்மைப் பார்த்த முகத்தில் நேராக அடிக்கும். காலையில் எதிர்வெளிச்சத்தில் கறுத்துக் கிடக்கும் தாழ்வாரச் சுவர்களும் துணி காயவைக்கும் கம்பங்களைச் செருகும் குழாய்களும் மாலை வெயிலில்தான் பதியும்.

எனக்கு இதில் பிடித்தது, எந்தக் கோடு எந்த நாள் என்று பார்ப்பவர் விரல் வைத்துச் சொல்ல முடியும் என்பது. சித்திரைக் கோடு கூரையிலிருந்து, வைகாசிக் கோடு பாதி உயரத்திலிருந்து, ஆனிக் கோடு தரையிலிருந்து.

#7 தகரடப்பா

அக்கா, யோசனை அருமை. பிற்பகல் திறக்கிற விஷயம் அப்படியே எடுத்துக்க வேண்டியது. ஆனா தினம் இரண்டு தடவை கை பட்டா டின் அசையும். ஒரு டிகிரி திரும்பினாலே 1.15 மி.மீ., கட்டட விளிம்பு எல்லாம் இரட்டையாத் தெரியும். அதனால:

டின்னை ஒரு கனமான மரக்கட்டையில இரண்டு ஸ்டீல் ஹோஸ் கிளிப்பால இறுக்குங்க. கட்டையை உள்பக்கச் சன்னல் மேடையில திருகி நிறுத்துங்க. மூடி டின்னுல இருக்கவே கூடாது. துளைக்கு முன்னாடி 5 மி.மீ. தள்ளி, கட்டையிலேயே கீல் வெச்சு ஒரு கறுப்புப் பலகையை நிறுத்தி, அதோட முகத்துல கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டினா, சாத்தும்போது ஸ்பாஞ்ச் துளையை மெதுவா அடைச்சுக்கும். காந்த மூடி பத்தி யோசிக்காதீங்க, அலுமினியத்துல ஒட்டாது.

இன்னொண்ணு. மாசத்துக்கு ஒரு கோடுன்னா இடிப்பு நடக்கிற படி இறக்கம் தெரியாது. கட்டடம் இறங்கறது சில வார வேலை, அது இரண்டு கோட்டுக்கு நடுவுல காணாமப் போயிடலாம். நான் சொல்றது: இரண்டு டின், பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு எந்நேரமும் திறந்தது, ஒண்ணு அக்கா சொன்ன முறை.

#8 மாசிவெயில்

சரி தம்பி, இரண்டு டின் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மாதக்கோட்டு டின்தான் சுவரில் மாட்டும் படம் என்பேன், திறந்த டின் அதற்குச் சான்று. இடிப்பு தொடங்கிய பிறகு மட்டும் வாரம் ஒரு காலை திறந்தால் உங்கள் படி இறக்கமும் இதிலேயே வந்துவிடும். மே தொடக்கத்தில் வாரத்துக்கு 2 டிகிரி அளவு நகர்வு உண்டு, அதாவது 2 மி.மீ.க்கு மேல். போகப்போக அது குறையும், ஜூனுக்குள் நுழைந்தால் கோடுகள் ஒட்டிக்கொள்ளும்.

#9 உலர்பெட்டி

ஈரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஹெர்ட்ஃபர்ட்ஷியர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் ரெஜினா வால்கன்போர்க் 2012இல் வைத்த டின் 2020இல் எடுக்கும்வரை எட்டாண்டு தாங்கியது என்று எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அது குளிர்நாடு. இங்கே சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். 65க்கு மேல் போனாலே ஜெலட்டினில் பூஞ்சை பிடிக்கும். பகலில் டின் சூடேறிக் காற்றை வெளியே தள்ளும், மாலை மழையில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். இது தினம் நடக்கும். சிலிகா ஜெல் பொட்டலம் போட்டால் ஒரு வாரத்தில் நிறைந்துவிடும், அதை நம்ப வேண்டாம்.

நல்ல வேளை, உங்களுக்குச் சன்னல் இருக்கிறது. டின்னைக் கண்ணாடிக்கு உள்ளே வையுங்கள். சாதாரணக் கண்ணாடி இந்தத் தாளுக்கு வேண்டிய நீல ஒளியை விட்டுவிடும். வெப்பம் தடுக்கும் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் உரித்துவிடுங்கள். கண்ணாடிக்கும் துளைக்கும் இடையே மூடிப் பலகை ஆடும் அளவு இடம் விட்டு, சுற்றிலும் கறுப்பு அட்டைக் கூண்டு வையுங்கள். இல்லையென்றால் இரவில் சமையலறை விளக்கு கண்ணாடியில் பட்டுத் திரும்பும். ஏர்கான் அறைச் சன்னல் கூடாது: விடியற்காலையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்க்கும், கோட்டின் அடி கலங்கிப்போகும். சமையலறையே சரி, ஆனால் தாளிப்புப் புகை கண்ணாடியில் படியும். உள்பக்கம் மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும், டின்னைத் தொடாமல்.

எடுக்கும்போது அவசரம் வேண்டாம். தாள் டின் சுவரில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், படலம் கிழியும். டின்னை மூடியபடியே 40 முதல் 45 விழுக்காட்டில் வைத்த உலர்பெட்டியில் இரண்டு நாள் வைத்தால் தாள் தானே சுருங்கிக் கழன்றுவிடும்.

ஸ்கேன் ஒரே ஓட்டம்தான். ஸ்கேனர் விளக்கே தாளைக் கறுக்க வைக்கும், முன்னோட்டமும் அப்படித்தான். அதே அளவு வெற்றுத் தாளை வைத்து எல்லையை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். 600 டிபிஐ, 48 பிட் வண்ணம், தானியங்கித் திருத்தம் எல்லாம் அணைத்து. துளையே 0.35 மி.மீ. என்பதால் அதற்கு மேல் ஏற்றிப் பயனில்லை, விளக்கு நின்று எரியும் நேரம்தான் கூடும். பிறகு நிறம் தலைகீழாக்கி, மேல்கீழாகப் புரட்டுங்கள். தைக் கோடு வலப்பக்கமும் ஆனிக் கோடு இடப்பக்கமும் வந்தால் சரி. மாறி வந்தால் புரட்டுவதற்குப் பதில் சுழற்றியிருக்கிறீர்கள்.

தாளை ஃபிக்சரில் (படத்தை நிலைக்க வைக்கும் ரசாயனக் கரைசல்) போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடாதீர்கள். பதிந்ததில் பெரும்பகுதி கரைந்து, வண்ணமும் போய், வெளிறிய மஞ்சள் மிஞ்சும். கறுப்பு உறையில் வைத்துப் பாதுகாத்தால் போதும்.

#10 புதுவரவு

என் வீடு வடக்கு தெற்கு பார்த்தது. பெரும்பாலான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் அப்படித்தானே? சன்னலுக்கு வெளியே கம்பத்தில் கட்டி கிழக்கே திருப்பலாமா? அல்லது தாழ்வாரத்தில்?

#11 உலர்பெட்டி

வெளியே எதையும் கட்டாதீர்கள். மேலிருந்து விழும் டின் ஆளைக் கொல்லும். உயரத்திலிருந்து பொருள் விழுவதை இங்கே குற்றமாகவே நடத்துகிறார்கள், வீட்டையே இழக்க நேரலாம். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி, அத்துடன் நகர மன்றத்தின் அனுமதியும் வேண்டும். விளக்குக் கம்பம், வெற்றுத்தளத் தூண், பூங்கா மரம், ரயில் நிலையப் பக்கம் இவற்றில் டேப் சுற்றிய டின்னை யாராவது பார்த்தால் போலீசுக்குத்தான் போன் போகும். அதில் தவறும் இல்லை. கூட்டுரிமை வீட்டிலோ பள்ளியிலோ வைப்பதானால் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு, டின்னில் “ஊசித்துளைக் கேமரா, இந்தத் தேதிவரை” என்று நான்கு மொழியிலும் எழுதித் தொலைபேசி எண்ணையும் ஒட்டுங்கள்.

#12 வெயில்கோடு

தெற்குச் சன்னலுக்கும் படம் உண்டு, வேறு மாதிரி. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் 20 சொச்சம் வரைதான் சூரியன் அந்தப் பக்கம். டிசம்பரில் உச்சி 65 டிகிரி, அது மேல்மாடித் தளத்தின் நீட்டத்துக்கு மேலே மறைந்துவிடும். கிடைப்பது இடப்பக்கம் ஏறும் கோடுகள், வலப்பக்கம் இறங்கும் கோடுகள், நடுவில் வெறும் வானம். எதிரே உயரமான கட்டடம் ஒன்று நடுவில் நின்றால் அழகான அமைப்பு. டின்னை 10 டிகிரி பின்னே சாய்த்தால் கோடுகள் இன்னும் உயரம் வரை வரும்.

தரைவீடு இருப்பவர்களுக்கு ஒன்று: டின்னைப் படுக்க வைத்து, அச்சு வடக்கு தெற்காகவும் துளை கிழக்கே 45 டிகிரி மேல்நோக்கியும் இருக்கும்படி நிறுத்துங்கள். அடிவானத்திலிருந்து உச்சி தாண்டி வரை ஒரே தாளில் வரும். அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக விழுவதால் மணிக்கணக்கு தாளில் சீராகப் பிரியும், ஒரு மணி நேரத்துக்கு 17 மி.மீ. டின்னைக் கிடையாக வைத்தாலே இது கிடைப்பது பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர்களில்தான்.

#13 கிழக்குச்சன்னல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு டின், பொங்கலன்று தொடக்கம், கண்ணாடிக்கு உள்ளே, கட்டையில் கிளிப் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு முன் ஒரு வாரம் சோதனை டின் வைக்கிறேன். கடைசியாக ஒன்று: இடிப்பு மார்ச்சிலேயே முடிந்துவிட்டால்? கட்டடத்தின் உருவம் மிஞ்சுமா?

#14 வெயில்கோடு

அது முக்கியமான கேள்வி. கட்டடம் நின்ற இடத்தில் தாள் மெதுவாகக் கறுத்துக்கொண்டிருந்தது. கட்டடம் போனதும் அங்கே வெறும் வானம். வானத்தின் ஒளி பல மடங்கு அதிகம். இரண்டு மாத உருவத்தைச் சில வார வானம் விழுங்கிவிடும். எனவே தடுப்புக்கு மேலே கட்டடம் எதுவும் தெரியாத நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் மாதக்கோட்டு டின்னை மூடிவிடுங்கள். உருவம் கண்ணாடிபோல் மெலிந்து நிற்கும், அதன் ஊடாகக் கடைசிக் கோடு தரையிலிருந்து ஏறும். திறந்த டின்னை ஆனி வரை விடுங்கள்.

#15 தகரடப்பா

மூணாவது டின் ஒண்ணுலயும் தாள் ஏத்தி மூடி வெச்சுக்குங்க. இடத்துல புதுக் கட்டடம் எழும்பும்போது கோட்டோட அடி திரும்ப மேலே ஏறும், அதையும் விட்டுடாதீங்க. கட்டையை மட்டும் சன்னல் மேடையிலேருந்து கழற்றவே கழற்றாதீங்க. அதே இடம், அதே திசைன்னாதான் இரண்டு தாளையும் பக்கத்துல வெச்சுப் பார்க்க முடியும்.